அப்பா பத்தியத்தை விட மாட்டேன் என்கிறார்

அன்பு மகள் ட்ரூடிக்கு,

நான் சுகம், நீயும் சுகமாக இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். "நாங்கள் இருவரும் சுகம்" என்றுதான் இத்தனை வருஷமாக எல்லாக் கடிதத்தையும் தொடங்கியிருக்கிறேன், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் முதலில் உட்கார்ந்துகொள். உன் அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது. போன மாதம்தான் தெரிந்தது. உனக்குச் சொல்லக் கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார், அதை இப்போது மீறிக்கொண்டிருக்கிறேன், அதற்கு ஆண்டவரிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். கிளினிக் டாக்டரம்மா, ஜூன் மாத முதல் புல்லறுப்பு வரை அவர் இருந்தாலே பெரிய விஷயம் என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அதைக்கூட நான் எப்படியோ விழுங்கிவிட்டேன். விழுங்க முடியாதது வேறு ஒன்று, அதற்காகத்தான் எழுதுகிறேன். எதை வேண்டுமானாலும் சாப்பிடட்டும், பால், பாலேடு, வெண்ணெய், ரொட்டி, ஐஸ்கிரீம் என்று உடம்பு எதை வாங்குகிறதோ அதைக் கொடுங்கள், இனிமேல் ஒரு கட்டுப்பாடும் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். இந்த மனிதரோ நீ போட்ட பத்தியத்தை விட மாட்டேன் என்று பிடிவாதமாகப் படுத்திருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் நாற்பது மாடு பால் கறக்கிறது ட்ரூடி, இவர் ஒட்டிய வயிற்றோடு கிடக்கிறார்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். போன் சமையலறைச் சுவரில்தான் இருக்கிறது, அவருடைய சாய்வு நாற்காலியையும் இப்போது அங்கேதான் கொண்டுவந்து போட்டிருக்கிறோம், அடுப்புச் சூடு உடம்புக்கு இதமாக இருக்கிறதாம். அவர் காதில் விழாமல் இந்த வீட்டில் ஒரு தும்மல்கூடப் போட முடியாது. அதனால் தொழுவத்துக்குப் பக்கத்தில் பால் அறையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன், பால் தொட்டியின் மோட்டார் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது, எழுத்து கோணல் மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கொஞ்சம் அழுதுவிட்டும் எழுதுகிறேன், இங்கே அழுதால் யாருக்கும் கேட்காது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், இல்லையென்றால் நீ உன் இஷ்டத்துக்கு எதையாவது நினைத்துக்கொள்வாய். மூன்று வருஷத்துக்கு முந்தைய நன்றியறிதல் நாள் விருந்து உனக்கு மறந்திருக்காது. பாலையும் கோதுமையையும் விட்டதும் உன் முழங்கால் வீக்கம் போய்விட்டது, மூட்டு வலிக்கு அப்பாவும் விட்டுப் பார்க்கலாமே என்று நீ சொன்னாய். பால் பண்ணைக்காரன் வீட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு சொல்கிற பேச்சா அது! எல்ராய் சித்தப்பா தட்டைத் தள்ளிவிட்டு, "இந்த வீட்டுப் பாலக் குடிச்சு வளந்த பொண்ணு, இப்ப வந்து பால் விஷமுங்குது. இவ இருக்கற ஓரிகான்ல மாட்ட விட்டுட்டு மொச்சக்கொட்டையில பால் கறக்குறாங்களாமே, பாத்துக்க ஹார்லண்ணே, நாளைக்கு நம்ம மாட்டையெல்லாம் வித்துட்டு அவரக்கொடிய வளக்கச் சொல்லுவா" என்று எல்லார் முன்னாலும் உன்னைக் கேலி பண்ணினான். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. பூசணி இனிப்பைக்கூடத் தொடாமல் நீ எழுந்து போனாய், அதற்குப் பிறகு இந்த வாசலை மிதிக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததுதான் உனக்கு வலித்தது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். புது வருஷம் பிறந்து சில நாளில் அவரே போனை எடுத்து உன் எண்ணைச் சுழற்றினார், பேச்சில் மன்னிப்பு கின்னிப்பு எதுவும் கிடையாது, எடுத்த எடுப்பில், "சொல்லும்மா, எதையெல்லாம் விடணும்? பென்சில் வெச்சிருக்கேன்" என்றார். உன் அப்பாவுக்கு மன்னிப்புக் கேட்கத் தெரிந்த விதம் அதுதான். நீயும் புரிந்துகொண்டாய் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அடுத்த வாரமே உன் முதல் மாத்திரைப் பார்சல் வந்துவிட்டது.

அந்தக் கூத்தையெல்லாம் உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை. நீ சொன்னபடி முதலில் சோறு, ஆட்டுக்கறி, பேரிக்காய், காரட், இவ்வளவுதான் சாப்பிட்டார். பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தார். உருளைக்கிழங்கு ஒன்றும் பண்ணவில்லை என்று தெரிந்த அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும், நீ பிறந்த அன்றைக்குக்கூட அப்படிச் சிரிக்கவில்லை. கோதுமை ரொட்டி கணுக்காலைப் பிடித்தது. பால் குடித்த மறுநாள் சாயங்காலம் விரலெல்லாம் தடித்து, கையுறைக்குள் நுழையவில்லை. நம்புவாரா? இந்த மாட்டின் பால்தான் சேரவில்லை என்று சொல்லி, நல்ல மாடாகப் பார்த்து அதன் பாலைத் தனியாகக் கறந்து குடித்தார். அதுவும் வீங்கியது. பக்கத்துப் பண்ணையிலிருந்து ஜெர்சி மாட்டுப் பால் வாங்கிவரச் சொன்னார். அதற்கும் வீங்கியது. கடைசியில் தொழுவத்தில் நின்றுகொண்டு மாடுகளைப் பார்த்து, "உங்க மேல தப்பில்ல, எங்கிட்டதான் கோளாறு" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். அன்றிலிருந்து பால் ஒரு சொட்டு கிடையாது. உன் மாத்திரைகளை மாட்டு ஊசி மருந்து வைக்கிற டப்பாவில் அடுக்கி வைத்துக்கொண்டு, சுண்ணாம்புச் சத்து மாத்திரையை விழுங்கும்போதெல்லாம், "இது பால்ல இருக்கறதுதான ஆர்டிஸ்? அத டாங்குல விட்டுட்டு இத டப்பாவுல திங்கிறேன்" என்பார். மீன் எண்ணெய் மாத்திரை போட்டுக்கொண்டு ஏப்பம் விட்டுக்கொண்டே தொழுவத்துக்குப் போனால் அங்கே உள்ள பூனை அத்தனையும் பின்னாலேயே வரும். வெளியில் யாருக்கும் தெரியக் கூடாது என்று பட்ட பாடு தனிக்கதை. ஜூன் மாதம் ஊர்ப் பண்ணைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து காலை விருந்து வைத்தார்களே, அதில் பால் டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றுவிட்டு, யாரும் பார்க்காதபோது டம்ளரை என்னிடம் தள்ளிவிட்டார். சர்ச்சில் ஆராதனை முடிந்து காப்பி குடிக்கிற நேரத்தில் பக்கத்து வீட்டு டெலோரஸ் தன்னுடைய தேங்காய் பிஸ்கட்டை நீட்ட, இவர் வேண்டாம் என்று சொல்ல, அவள் முகம் சுண்டிப்போய், "என் கைப்பக்குவம் புடிக்கலன்னா நேராச் சொல்லிடு ஹார்லன்" என்றாள். "புடிச்சுப்போனதாலதான் தூர நிக்கிறேன்" என்று சமாளித்தார். அவள் அதற்கே ஒரு மாதம் பூரித்துப்போய்த் திரிந்தாள்.

பலித்தது ட்ரூடி. இதை நீ மறக்கவே கூடாது, நான் திரும்பவும் சொல்கிறேன், நீ சொன்னது பலித்தது. சட்டைப் பொத்தானை நான்தான் நான்கு வருஷமாகப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன், ஒரு நாள் காலையில் தானே போட்டுக்கொண்டு வந்து நின்றார். முஷ்டியை மூட முடிந்தது. கறவைக் குழாயை மாட்டும்போது பல்லைக் கடிக்காமல் மாட்டினார். தொப்பை வற்றியது, அந்தப் பாரம் இறங்கியதில் முழங்கால் பாதி சரியாகிவிட்டது, சர்ச் படியைக் கைப்பிடி இல்லாமல் ஏறினார். ஊரே வாயைப் பிளந்தது. தீவன மில்லில் மூட்டை நிறுக்கிற தராசில் சனிக்கிழமைதோறும் இவரை நிறுத்தி எடை போட்டு, சுவர்ப் பலகையில் சோளத்தின் விலைக்குக் கீழே சாக்பீஸால் எழுதி வைப்பார்கள். "ஹார்லன் வந்தாச்சு, மூட்டைய எறக்குங்கடா" என்று ஒரே கும்மாளம். எல்ராய் சித்தப்பாதான் முதலில் வாயை மூடினான், பிறகு நைசாக என்னிடம் வந்து, "அண்ணி, அந்த மீன் மாத்திரை ரெண்டு கெடைக்குமா, தோள்பட்ட கொடையுது" என்று கேட்டான், உன்னிடம் சொல்லக் கூடாது என்று வேறு கெஞ்சினான். ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் இவர் செய்கிற முதல் காரியம் எடை சொல்வது. நீ சிரிப்பாயே, அந்தச் சிரிப்பு போனுக்கு வெளியே எனக்கே கேட்கும். போனை வைத்துவிட்டு அன்றைக்குப் பூரா சீட்டியடித்துக்கொண்டே திரிவார்.

எடை ஒரு வருஷம் ஒரே இடத்தில் நின்றது. போன இலையுதிர் காலத்தில் மறுபடி இறங்க ஆரம்பித்தது. பத்தியத்தில் புதிதாக எதையும் அவர் விடவில்லை, சாப்பாட்டையும் குறைக்கவில்லை, தானாக இறங்கியது. யாராவது ஒருவர் ஏன் என்று கேட்டோமா? மில்லில் கை தட்டினார்கள். சர்ச்சில் போதகர் பிரசங்கத்துக்கு நடுவில் இவரைக் காட்டிச் சிரித்தார். நான் காற்சட்டை இடுப்பைப் பிடித்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தேன், தைக்கத் தைக்க எனக்கும் சந்தோஷம். முதுகு வலிக்கிறது என்றார், வைக்கோல் கட்டு தூக்கியதால் இருக்கும் என்று நினைத்தோம். ஜனவரியில் மாட்டு டாக்டர் கெஸ்லர், வயிற்றில் கன்று திரும்பிக்கொண்ட மாட்டுக்கு வைத்தியம் பார்க்க வந்தார். உனக்குத் தெரியும், அவரும் அப்பாவும் சின்ன வயசிலிருந்து வாடா போடா. வேலை முடிந்து கை கழுவ அப்பா கோட்டைக் கழற்றினார், கெஸ்லர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு நேராக என்னிடம் சமையலறைக்கு வந்து, தொப்பியைக்கூடக் கழற்றாமல், "ஆர்டிஸ், இவன் ஒரு மாடா இருந்திருந்தா என்னைய எப்பவோ கூப்பிட்டிருப்பான். தீனி கொறையாம இடுப்பெலும்பு துருத்திச்சுன்னா உள்ள ஏதோ திங்குதுன்னு இவனுக்குத் தெரியாதா? நாளைக்கே கூட்டிட்டுப் போ" என்று கோபமாகச் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது, ஒரு மாடு ஒரு வாரம் இளைத்தால் கை வைத்துப் பார்த்து எலும்பைத் தடவிச் சாணத்தை முகர்ந்து பார்க்கிற ஊர் இது, ஒரு மனிதன் மாதக்கணக்கில் உருகி வழிந்ததைப் பலகையில் எழுதிக் கொண்டாடினோம்.

அந்த டாக்டரம்மாவிடம் உனக்காக ஒரு கேள்வி கேட்டேன். நீ கேட்பாய் என்று தெரியும், அதனால் முந்திக்கொண்டேன். இந்தப் பத்தியத்தால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று கேட்டேன். இல்லை என்று அடித்துச் சொன்னார். பாலை விட்டதால் இந்த நோய் வராது, பால் குடித்திருந்தால் வராமலும் இருந்திருக்காது, மூட்டுக்கு நல்லது நடந்தது நிஜம், உள்ளே கெட்டது நடந்ததும் நிஜம், இரண்டும் தனித்தனி என்றார். இலையுதிர் காலத்திலேயே கண்டுபிடித்திருந்தால் என்றும் கேட்டேன். இந்த நோயில் அது பெரிய வித்தியாசம் ஆகியிருக்காது என்றார், என் முகத்துக்காகச் சொன்னாரோ என்னவோ, நான் நம்புகிறேன், நீயும் நம்பு. இந்தப் பத்தியம் உன் அப்பாவுக்கு இரண்டு வருஷம் வலியில்லாத கையைக் கொடுத்தது. அதற்கு மேல் ஒன்றையும் உன் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ளாதே, போட்டுக்கொண்டாய் என்று தெரிந்தால் எனக்குப் பொல்லாத கோபம் வரும்.

இப்போது அவர் என்ன செய்கிறார் தெரியுமா, ஒரு கிண்ணம் சோறு, நாலு துண்டு பேரிக்காய், அதிலும் பாதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். பாலும் முட்டையும் சர்க்கரையும் சேர்த்து வேகவைத்துக் கொடுத்தேன், ஸ்பூனை வாங்கி மூக்குக்கு நேரே பிடித்து வாசம் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். ஆசை இல்லாமல் இல்லை ட்ரூடி, அந்த வாசத்தை அவர் இழுத்த விதத்தைப் பார்த்திருந்தால் உனக்கு நெஞ்சு வெடித்திருக்கும். "டாக்டரே சொல்லிட்டாங்களே ஹார்லன், இனிமே என்ன?" என்றேன். "அவங்களுக்கு என்ன தெரியும், என் டாக்டரு ஓரிகான்ல இருக்கா" என்று சொல்லிச் சிரித்தார். முதலில் வேடிக்கை என்று நினைத்தேன். போன வாரம் எல்ராய் சீஸ் தொழிற்சாலையிலிருந்து அன்றைக்குச் செய்த சீஸ் கட்டியைச் சூடு ஆறாமல் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு வந்தான், கடித்தால் பல்லில் கீச் கீச் என்று சத்தம் போடுமே, அது. சின்ன வயசில் இரண்டு பேரும் அதைத் திருடித் தின்று அடி வாங்கியிருக்கிறார்களாம். "ஒரே ஒரு துண்டுண்ணே" என்று எல்ராய் கெஞ்சிக்கொண்டிருந்தான், நான் உள்ளறையில் துணி மடித்துக்கொண்டிருந்தேன், நான் கேட்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எல்ராய், கேளுடா. மூணு வருஷமா எம்பொண்ணு எங்கிட்ட சிரிக்கிறது அந்த எடை சொல்றப்ப மட்டுந்தான். அவளால அப்பனுக்கு நல்லா ஆச்சுன்னு ஒரு சந்தோஷம் அவளுக்கு. இன்னைக்கு நான் சீஸு தின்னா, ஞாயித்துக்கெழம அவ கேக்கறப்ப வாய் தவறி வந்துரும், எடையத் தவிர வேற பொய் எனக்குச் சரியா வராது. ஏன் தின்னீங்கம்பா. அப்புறம் எல்லாத்தையும் சொல்லணும். சொன்னா, கடைசில எளச்சதெல்லாம் நோயில எளச்சது, அதுக்குத்தான் நான் சிரிச்சேன்னு அவ நெனப்பா. நான் போனதுக்கப்புறமும் நெனச்சுக்கிட்டே இருப்பா. வேண்டாண்டா. பசிதான, பொறுத்துக்கலாம்." எல்ராய் அந்தப் பொட்டலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு வெளியே வந்தவன், இந்தப் பால் அறையில் நின்றுகொண்டு மாடு கத்துகிற மாதிரி அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

புரிகிறதா கண்ணே? நான் கெஞ்சி ஆகாது, டாக்டர் சொல்லி ஆகாது, போதகர் வந்து ஜெபம் பண்ணி ஆகாது. பத்தியம் போட்டவள் நீ, முறிக்க வேண்டியவளும் நீதான். அவர் உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு பட்டினி கிடக்கிறார். அவர் சாகப்போவதை என்னால் தடுக்க முடியாது, பசியோடு சாகப்போவதை மட்டும் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. நாற்பத்தொரு வருஷம் அவருக்குச் சமைத்துப் போட்டவள் நான், கைக்கெட்டுகிற தூரத்தில் எல்லாம் இருந்தும் ஒரு வாய் ஊட்ட முடியாமல் நிற்கிறேன்.

வேலையில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பி வா. தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு மலையெல்லாம் தாண்டி வராதே, மார்ச் மாதப் பனியை நம்ப முடியாது, மினியாபொலிஸ் வரை விமானத்தில் வந்துவிடு. நான்தான் போய்க் கூட்டிவருவேன் என்று எல்ராய் சித்தப்பா அடம் பிடிக்கிறான், உன்னிடம் என்ன பேச வேண்டும் என்று வண்டிக்குள் உட்கார்ந்து தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், எப்படியும் உளறுவான், நீ பெரிய மனசு பண்ணி நடுவிலேயே போதும் சித்தப்பா என்று சொல்லிவிடு. இங்கே எல்லாம் சேறு, ரப்பர் பூட்ஸ் எடுத்து வா. தடித்த கோட்டும் எடுத்து வா, அங்கே மழைக்குப் போடுகிற மெல்லிசுத் துணி இங்கே உதவாது. மாத்திரை எதுவும் கொண்டுவராதே, வலிக்கும் செரிமானத்துக்கும் டாக்டரம்மா கொடுத்திருக்கிறார், அது போதும். அதற்காக நீ உன் பத்தியத்தை விட்டுவிடாதே, வீம்புக்கு எதையாவது தின்று முழங்காலை வீங்க வைத்துக்கொண்டு இங்கே வந்து நிற்காதே, உனக்கு அரிசியும் உருளைக்கிழங்கும் இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன். அவரைப் பார்த்ததும் அதிர்ந்துபோவாய், முகம் மஞ்சளாக இருக்கிறது, உன் நினைவில் இருக்கிற ஆளில் பாதிகூட இல்லை. வாசலிலேயே அழுதுவிட்டு உள்ளே வா. உள்ளே வந்து மன்னிப்பு மட்டும் கேட்காதே, அவருக்கு அது தாங்காது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்துப் பிடித்துக்கொள். அந்தக் கை இன்னும் நன்றாக மூடித் திறக்கிறது, அது உன் வேலை.

ஆண்டவர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. உனக்கு நல்ல சுகமும் நல்ல தூக்கமும் கொடுப்பாராக. உன்னைப் பெற்றதற்காக நானும் அப்பாவும் ஒரு நாளும் வருந்தியதில்லை, நீ சொன்னதைக் கேட்டதற்காகவும் வருந்தியதில்லை. இந்தக் கடிதத்தை இன்றைக்கே டெலோரஸிடம் கொடுத்துத் தபாலில் சேர்க்கச் சொல்கிறேன், சனிக்கிழமைக்குள் உன் கையில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நேற்று மதியம் கொஞ்சம் தெம்பாக இருந்தார், என்னைக் கூப்பிட்டு, "ஞாயித்துக்கெழமைக்கு என்ன எடை சொல்றது ஆர்டிஸ்? ஒரே எடையச் சொல்லிச் சொல்லி எனக்கே சலிச்சுப்போச்சு. கொஞ்சம் ஏறிடுச்சுன்னு சொல்லிப் பாக்கட்டுமா?" என்றார். "ஏறிடுச்சுன்னா திட்டுவாளே" என்றேன். "திட்டட்டும், அவ என்னையத் திட்டி ரொம்ப நாளாச்சு" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். ஆகவே வருகிற ஞாயிற்றுக்கிழமை எடை கூடிவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லப்போகிறார். நீ திட்டாதே ட்ரூடி. உன்னால் முடிந்தால் சிரி. "நல்லதுப்பா, இன்னும் ஏறட்டும், பத்தியமெல்லாம் போதும், ஒரு டம்ளர் பால் குடிச்சிட்டு வந்து பேசுங்க, நான் லைன்லயே இருக்கேன்" என்று சொல். நான் டம்ளரோடு பக்கத்தில் நிற்பேன்.

உன் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அம்மா,
ஆர்டிஸ்